சத்தியம் வேண்டாம், ஓர் அறை வேண்டும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)



ஆண்டுதோறும் நம் பள்ளிப் பேச்சுப் போட்டியில் தவறாமல் இடம்பெறும் தலைப்பு மதுவிலக்கு. நானும் ஏழாம் வகுப்பில் அத்தலைப்பில் பேசி இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். திருக்குறளின் 93-ஆவது அதிகாரமாகிய கள்ளுண்ணாமையில் தொடங்கினேன். காந்தியடிகளைச் சொன்னேன், ராஜாஜியைச் சொன்னேன். குடிப்பவர்களைப் பார்த்து, "உங்களுக்கு வெட்கமில்லையா?" என்று கையை நீட்டிக் கேட்டேன். பலத்த கைதட்டல். பரிசோடு வீட்டுக்குப் போனபோது என் அப்பா வாசற்படியில் விழுந்து கிடந்தார். அம்மாவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டோம். டிபன் பாக்ஸை அன்று யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரைக்கு என் பெயரைப் போட வேண்டாம் என்று தமிழ் ஆசிரியையைக் கேட்டுக்கொண்டேன். வகுப்புத் தோழியர் என்னைக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவிடம் முன்பே கேட்டேன். "எழுதும்மா. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். பேரு மட்டும் வேண்டாம், எங்க கூட்டத்தில அப்படித்தான்" என்றார். அந்தக் கூட்டம் எது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் சத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். தறி முன் நின்றால் இழை அறுந்ததை ஓசையிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஒரு சண்டைக்குப் பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு என் தலையில் கையை வைத்து, "இவ தலையில அடிச்சுச் சத்தியம். இனிமே தொடமாட்டேன்" என்றார். அம்மா அழுதாள். ஆச்சி திருநீறு பூசிவிட்டாள். எனக்கு ஏதோ பெரிய மரியாதை கிடைத்ததுபோல இருந்தது.

ஒன்பது நாள் அது நின்றது. பத்தாம் நாள் அப்பா குடித்துவிட்டு வந்தபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சத்தியத்தை மீறினால் யார் தலையில் சத்தியம் செய்தார்களோ அவர் செத்துப்போவார் என்று தெருவில் பிள்ளைகள் சொல்வதுண்டு. அன்று இரவு முழுவதும் நான் தூங்கவில்லை. மறுநாள் காய்ச்சல். இதோ சாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் கலர் பென்சில்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். (பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன்.) அதன்பின் மூன்று முறை என் தலையில் சத்தியம் நடந்தது. நாலாவது முறை அப்பா கையைத் தூக்கியபோது நான் தலையை இழுத்துக்கொண்டேன். அதற்கு அம்மா என்னை அடித்தாள்.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் மட்டும் இருப்பதல்ல. உங்களில் பலருடைய தலைகளுக்கும் இது பழக்கமாயிருக்கும். பெரியவர்கள் இதை அன்பின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். எனக்கென்னவோ பிள்ளையைப் பணயம் வைப்பதாகத்தான் தெரிகிறது. சத்தியம் செய்தவர் அடுத்த வாரம் மறந்துவிடலாம். பணயமாக வைக்கப்பட்ட பிள்ளை மறப்பதில்லை. அப்பா குடித்தால் தன்னிடம்தான் ஏதோ குறை, தன் தலைக்கு மதிப்பு போதவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். நான் அப்படித்தான் நினைத்தேன்.

அப்படியானால் அப்பாவால் குடியை நிறுத்தவே முடியாதா? முடிந்தது! ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுவார். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடமாட்டார். விடியற்காலையில் குளியல், மாலையில் பஜனை, இரவில் தரையில் பாய். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்த நாட்களில் கணக்குப் பாடம்கூட எனக்கு நன்றாக வரும். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடைக்குப் போய்விடுவார்.

என் தலைக்கு இல்லாத சக்தி மாலைக்கு மட்டும் எப்படி வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெய்வ பயம் என்று ஆச்சி சொல்வாள். பயம் மட்டும் காரணமாயிருந்தால் என் தலையில் அடித்த சத்தியத்துக்கும் தெய்வம்தானே சாட்சி? இப்போது எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. மாலை போட்ட நாட்களில் அப்பா தனியாக இருந்ததில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு அவரைப்போலவே விரதமிருக்கும் பத்துப் பதினைந்து பேர் ஓரிடத்தில் கூடுவார்கள். தறி ஓட்டுகிறவர், தறி முதலாளி, பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் எல்லாரும் ஒருவரையொருவர் "சாமி" என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் கிடையாது. ஒரு நாள் வராவிட்டால் குருசாமி வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்பார். மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். மறுநாள் ஆறு மணிக்கு அப்பாவுக்குப் போவதற்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு, மாலை போட்ட மூன்றாம் நாள், அப்பாவின் கை தம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். அங்கே ஒரு பூச்சியும் இல்லை. சாமி குற்றம் என்றார் ஒருவர், வீட்டில் தீட்டு என்றார் இன்னொருவர். கோடாங்கியைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் அம்மா எங்களுக்கு விளக்கினார். பல ஆண்டுகள் தினமும் குடித்தால் மூளை சாராயத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதைச் சட்டென்று நிறுத்தினால் மூளை நிலைதடுமாறி நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காணுதல் எல்லாம் வருமாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நாள்பட்டுக் குடிப்பவர்கள் வீட்டில் தாங்களாக ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, முதலில் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றார். இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் மூன்று நாள் வேடிக்கை பார்த்திருக்க மாட்டோம். உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள். 2025-ஆம் ஆண்டில் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். அது நாடு முழுவதற்குமான இலவச எண்.

வீடு திரும்பும் நாளில் டாக்டர் அம்மா, "நடுக்கத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். குடிக்காமல் இருப்பதற்கு மருந்து மட்டும் போதாது, ஆள் துணை வேண்டும்" என்று கூறி ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். ஏ.ஏ. கூட்டத்துக்கான தொலைபேசி எண் அது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது முழுப் பெயர். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள்.

அந்தக் காகிதம் அப்பாவின் சட்டைப் பையில் மூன்று வாரம் இருந்தது. பிறகு அம்மா சட்டையைத் துவைத்தபோது கூழாகிப் போனது. நல்லவேளையாக நான் அந்த எண்ணை என் ரஃப் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொங்கல் முடிந்து ஒரு நாள், அப்பா மறுபடியும் தொடங்கிவிட்ட பிறகு, நானே பேசினேன். எடுத்தவர் வயதானவர்போல் இருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "நீ பேசினது நல்லது பாப்பா. ஆனா அப்பாவே பேசணும். அவருக்கு எப்போ தோணுதோ அப்போ ராத்திரி பன்னெண்டு மணியானாலும் பேசச் சொல்லு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. குடிகாரரே வந்து கேட்பதாக இருந்தால் நான் ஏன் பேச வேண்டும்?

பதினெட்டு நாள் கழித்து அப்பா பேசினார். நான் சொல்லவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். முக்கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்து ஆச்சரியத்தோடு சொன்னது இதுதான்: "அந்த மனுஷன் எனக்கு நன்றி சொல்றாருட்டி!"

உதவி கேட்டவருக்கு உதவி செய்பவர் நன்றி சொல்வானேன்? இதற்கு விடை தேடித்தான் அவர்கள் வரலாற்றைப் படித்தேன். 1935-ஆம் ஆண்டு மே மாதம் பில் என்ற பங்கு வணிகர் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வேலையாகப் போயிருந்தார். அவர் பெருங்குடிகாரராயிருந்து சில மாதங்களாக நிறுத்தியிருந்தவர். போன வேலை தோற்றது. ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்புச் சத்தம். மறு பக்கம் ஒரு தொலைபேசி. இப்போது இன்னொரு குடிகாரனோடு பேசாவிட்டால் நான் குடித்துவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியது. ஊரிலுள்ள தேவாலயங்களுக்கு வரிசையாகப் போன் செய்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்! அப்படிக் கிடைத்தவர்தான் பாப் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பாப் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதையே ஏ.ஏ.யின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்தியாவில் அது 1957-இல் தொடங்கியது.

பில் அந்த டாக்டரைத் திருத்தப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே போனார். எங்கள் அப்பாவிடம் பேசிய பெரியவரும் அன்று விடியற்காலை தன் குடியிலிருந்து இன்னும் ஒரு நாள் தப்பித்திருக்கிறார். அதற்குத்தான் நன்றி.

இந்த வரலாற்றில் கன்னியர் ஒருவரும் வருகிறார். நம் பள்ளியில் படிப்பவர்களுக்கு அவரைப் பற்றிச் சொன்னால் பிடிக்கும். சிஸ்டர் இக்னேஷியா ஆக்ரனில் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் குடிகாரர்களை மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை. 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் ஒரு குடிநோயாளியைக் கொண்டுவந்தபோது, சிஸ்டர் பதிவேட்டில் "இரைப்பை அழற்சி" என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். தனியறை இல்லாததால் நோயாளிகளுக்கு வரும் பூக்களை ஒழுங்கு செய்யும் அறையில் கட்டிலைப் போட்டார்களாம். பூக்கடை வாசனையிலேயே வளர்ந்த ஊர்க்காரியாகிய எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு ஆயிரக்கணக்கானோர் அவரிடம் வந்தார்கள். குணமாகிப் போகிறவர்களுக்கு இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, மறுபடி குடிப்பதாயிருந்தால் முதலில் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடி என்பாராம். அதுவும் ஒருவகைச் சத்தியம்தானே என்று தோழி ஒருத்தி கேட்டாள். இருக்கலாம். ஆனால் அவர் எந்தக் குழந்தையின் தலையையும் கேட்கவில்லை. தன்னிடம் திரும்பி வரச் சொன்னார்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஞாயிறு மாலை நடக்கிறது. நம் ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் திரும்பி வர இரவு பத்தாகிவிடும். அப்பா போகத் தொடங்கி இரண்டு மாதத்துக்குப் பின், குடும்பத்தாரும் வரலாம் என்று அறிவித்த ஒரு ஞாயிறன்று அம்மாவும் நானும் போனோம். அங்கே கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகள். அவற்றில் முழங்கால் இடிக்க இடிக்கப் பெரிய மனிதர்கள். கரும்பலகையில் சனிக்கிழமைப் பெருக்கல் கணக்கு அழியாமல் இருந்தது. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். அவர் தன் கதையைச் சொல்கிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை, "உங்களுக்கு வெட்கமில்லையா?" என்று கையை நீட்டுவதில்லை. என் பேச்சுப் போட்டி நினைவுக்கு வந்து காது சூடானது. ஓரிடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். குடித்து விழுந்த கதைக்கு, விழுந்தவரே சொல்லிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு தேநீர். ஒரு தகர டப்பா சுற்றி வந்தது. முடிந்தவர்கள் போட்டார்கள், முடியாதவர்கள் அடுத்தவரிடம் தள்ளினார்கள். கட்டணமில்லை, பதிவேடில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

அவர்கள் ஆயுள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று சொல்வதில்லை. இன்று குடிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்கிறார்கள். நாளைக்கு நாளை. இதைக் கேட்டபோது இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாவுக்கோ பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்ததாம்.

அன்று அம்மாவுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் பில்லின் மனைவி லோயிஸும் அவர் தோழியும் சேர்ந்து அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1957-இல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி வயதுப் பையன் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்காக அலட்டீன் என்று ஒன்றை ஆரம்பித்தான். நாம் எதை மூடி மறைக்கிறோம் என்று அவர்கள் கேட்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் தறி முதலாளிக்கு, "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று போன் செய்தது யார்? நான்தான். வெறும் பாட்டில்களைச் சாக்கில் கட்டி அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் போட்டது அம்மா. நாங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அப்பாவின் திங்கட்கிழமையைக் காப்பாற்றிக் கொடுத்தோம். சனிக்கிழமை தொடர்ந்தது.

அப்பா இப்போது முற்றிலும் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி எழுத முடியவில்லை. ஆடித் தபசு அன்று, ஊரெல்லாம் கூட்டம், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், அப்பா குடித்துவிட்டார். பழைய வழக்கப்படி ஆச்சி என்னை முன்னால் தள்ளி, "சத்தியம் பண்ணு" என்றாள். அப்பா மறுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு வழக்கமான பஸ்ஸில் ஏறினார். அங்கே அவரை யாரும் திட்டவில்லை. "வாங்க" என்று முன்பெஞ்சில் இடம் கொடுத்தார்களாம். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். இதை எழுதும் இன்று 131-ஆம் நாள். இந்தக் கார்த்திகையில் மாலை போடவில்லை. "கழட்டுற தேதி உள்ள எதுவும் இந்த வருஷம் வேண்டாம்" என்கிறார். ஆச்சிக்கு அதில் வருத்தம்தான்.

இக்கட்டுரையின் கருத்தைக் கேட்ட சிலர் என்னிடம் வாதாடினார்கள். கடைகளை மூடினால் போதுமே, கூட்டம் எதற்கு என்பது முதல் வாதம். கடைகளை மூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015-இல் மதுக்கடையை அகற்றக் கோரிக் குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்ட காந்தியவாதி சசிபெருமாளை நான் மதிக்கிறேன். ஆனால் நம் மாநிலத்தின் கதையைப் பாருங்கள். 1937-இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் விலக்கப்பட்டது. 1974-இல் திரும்பி வந்தது. 1981-இல் மீண்டும் போயிற்று. 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. கடை மூடுவதும் திறப்பதும் நம் கையில் இல்லை. கடை மூடியிருந்தாலும் தேடிப்போகிற நோய் இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களை நினைத்துப் பாருங்கள்.

இது கிறிஸ்தவர்களின் கூட்டம், மதம் மாற்றிவிடுவார்கள் என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். அங்கே அவரவர் கடவுளை அவரவர் எண்ணிக்கொள்ளலாம். அப்பா சட்டைப் பையில் கோமதி அம்மன் கோயில் புற்றுமண் பொட்டலத்தோடுதான் போய் வருகிறார்.

வெறும் பேச்சினால் நோய் தீருமா என்று என் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வமைப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் ஏ.ஏ. வழி மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பலருக்கு அவற்றைவிடவும் மேல் என்பதே அதன் முடிவு. எல்லாருக்கும் பலிக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை.

பணக்காரர், படித்தவர் வீட்டில் இதெல்லாம் இல்லை என்றும் நினைக்காதீர்கள். சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன், நம் வீட்டுப் பிரெஸ்டீஜ் குக்கரில் பெயருள்ள டி.டி.கே. குடும்பத்து மருமகள். அவருடைய கணவர் குடிநோயால் 1979-இல் காலமானார். மறு ஆண்டே, இந்நோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் இன்னொரு குடும்பம் தவிக்கக் கூடாது என்று ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அது பின்னர் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் எனக்கு விருதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1989-இல் மஞ்சக்குடியில் அவர்கள் செய்தது. சென்னைக்கு வர ஏழைகளால் முடியாது என்பதைக் கண்டு, டெல்டாப் பகுதியிலுள்ள அந்தக் கிராமத்துக்கே டாக்டரும் ஆலோசகர்களும் போய் முகாம் நடத்தினார்கள். உள்ளூரார் இடம் கொடுத்தார்கள். குடித்தவர் பதினைந்து நாள் தன் ஊர் அருகிலேயே தங்கிச் சிகிச்சை பெற்றார். அவர் திரும்பிப் போன பின்னும் கூடிப் பேச ஊரிலேயே ஆள் இருந்தார்கள்.

மஞ்சக்குடிக்கு முடிந்தது சங்கரன்கோவிலுக்கு முடியாதா? 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி, நம் நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஓர் உதவி கிடைத்திருக்கிறது. அதாவது நூறு பேரில் மூவர்கூட இல்லை. அந்த மூவரில் ஒருவராக இருக்க என் அப்பா வாரந்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் அலைகிறார். கடைக்குப் போக அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆனதில்லை. மழை பெய்த ஞாயிறும், பஸ் வராத ஞாயிறும், தறியில் ஞாயிறு வேலை வந்த வாரமும் எங்கள் வீட்டில் எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் கேட்பது ஆஸ்பத்திரி அல்ல, நிதி அல்ல. குடியை நிறுத்த விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஏ.ஏ. குழு ஒன்று தொடங்கிவிடலாம் என்பது அவர்கள் வழக்கம். அப்பா போகும் பஸ்ஸில் நம் ஊரிலிருந்து இன்னொருவரும் ஏறுகிறாராம். ஆகவே இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். இல்லாதது அறைதான். கல்யாண மண்டபம் கேட்டார்கள். குடிகாரர் கூட்டமா என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். வேறு இரண்டு இடங்களிலும் அதே பதில்.

சென்ற வாரம் திருப்புதல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கே ஒரு பலவீனம் வந்தது. "அப்பா, என் பரீட்சை முடியிறவரைக்குமாவது குடிக்கமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்று அவர் கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன். அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "இன்னைக்குக் குடிக்கலம்மா. நாளைக்குக் காலையில கேளு" என்றார். காலையில் கேட்டேன். "இன்னைக்கும் இல்லை" என்றார். இப்போது தினமும் பல் தேய்க்கும்போது கேட்கிறேன்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி முதல் ஐந்தரை மணிவரை நம் பள்ளியில் ஓர் அறை வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் அவர்கள் வாங்கமாட்டார்கள். யாரிடமும் நன்கொடை பெறுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. தகர டப்பாவிலிருந்து சிறு வாடகை தருவார்கள். தேநீர் அவர்களே கொண்டுவருவார்கள். பக்கவாசலை ஒட்டிய எங்கள் பத்தாம் வகுப்பு அறை ஞாயிறன்று பூட்டியே கிடக்கிறது, பெஞ்சுகளும் பெரியவர்களுக்குப் போதிய உயரம். திங்கட்கிழமை காலையில் அதைக் கூட்டிப் பெருக்கும் முறை எங்கள் வரிசையினுடையது. நான் சீக்கிரமே வந்துவிடுகிறேன்.